‘வோட்டர்’ படம்: வன்னி ஊர்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாதர் சங்கங்களிலும் சனசமூக நிலையங்களிலும் இந்தப் படத்தைப் போடும்போது வருகிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம். பார்க்கிறவர்களுக்கான கேள்விகள் முதலில், படம் போடுகிறவர்களுக்கானவை பிறகு. முடிவு தெரியாமல் படம் பார்க்க விரும்புகிறவர்கள் மூன்றாவது கேள்வியைத் தாண்டிப் போகவும்.

உது என்ன படம்? தமிழ்ப் படமோ?

இல்லை, ஹிந்திப் படம். கனடாவில் வாழும் தீபா மேத்தா இயக்கி 2005இல் வெளிவந்தது. அவருடைய ‘ஃபயர்’ (1996), ‘எர்த்’ (1998) படங்களுக்குப் பிறகு மூன்றாவதாக வந்த ‘தண்ணீர்’ இது. கதை நடப்பது 1938இல், காசியில், கைம்பெண்களை ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு விடுதியில். கல்யாணியாக லிசா ரே, சகுந்தலாவாக சீமா பிஸ்வாஸ், நாராயணனாக ஜோன் ஆபிரகாம். பாட்டுகளுக்கு ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார். ஓட்டம் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம்.

காசிக் கதையெண்டா ஏன் இலங்கையில எடுத்தவை?

முதலில் காசியில்தான் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில், இந்து சமயத்தை இழிவுபடுத்தும் படம் என்று சொல்லிக் கும்பல் புகுந்து அரங்கமைப்பை உடைத்துக் கங்கையில் எறிந்தது. மாநில அரசும் கையை விரித்தது. படப்பிடிப்பு நின்றது. அப்போது நடிக்க இருந்தவர்கள் ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும். நாலு வருடம் கழித்து, 2004இல், வேறு நடிகர்களோடு, வேறு பெயர் சொல்லி, சத்தமில்லாமல் இலங்கையில் எடுத்து முடித்தார்கள்.

எட்டு வயதுச் சுய்யாவாக வருகிற பிள்ளை சரளா காரியவசம். இலங்கைப் பிள்ளை, ஹிந்தி தெரியாது. வசனங்களை ஒலியாகப் பாடமாக்கிப் பேசியிருக்கிறாள். தெரிந்துகொண்டு பார்த்தாலும் நம்ப முடியாது.

கதையைச் சுருக்கமாச் சொல்லுங்கோ, முடிவையும் சேர்த்து. இடையில கரண்ட் போனா விளங்கவேணும்.

சுய்யாவுக்குக் கலியாணம் கட்டியதே நினைவில்லை. புருசன் செத்ததும் தலையை மழித்து, வெள்ளைச் சீலை சுற்றி, தகப்பன் விடுதியில் விட்டுவிட்டுப் போகிறார். அம்மா வந்து கூட்டிக்கொண்டு போவா என்று கொஞ்சக் காலம் நம்புகிறாள். விடுதியை ஆள்கிறவள் மதுமதி. அங்கே கல்யாணிக்கு மட்டும் நீளமான கூந்தல் உண்டு. அது சலுகை இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பணக்காரரிடம் அவளை அனுப்பி வருகிற காசில்தான் விடுதி ஓடுகிறது.

காந்திய வழி வந்த நாராயணன் கல்யாணியை மணக்கக் கேட்கிறான். தெரிந்ததும் மதுமதி அவளுடைய முடியை வெட்டி அறையில் பூட்டுகிறாள். சாவியை வாங்கித் திறந்துவிடுவது சகுந்தலா. படகில் அவன் வீட்டுக்குப் போகும்போதுதான் கல்யாணிக்கு அந்த வீடு அடையாளம் தெரிகிறது: தன்னை அனுப்பிய இடங்களில் அதுவும் ஒன்று, ஆள் அவனுடைய தகப்பன். படகைத் திருப்பச் சொல்கிறாள், பிறகு ஆற்றில் இறங்கி விடுகிறாள். அவளுடைய இடத்துக்கு மதுமதி சுய்யாவை அனுப்புகிறாள். சகுந்தலா படித்துறைக்கு ஓடி வரும்போது நேரம் கடந்துவிட்டது. நடக்கவும் முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, காந்தி வந்திருக்கும் ரயில் நிலையத்துக்குப் போய், ஓடத் தொடங்கிய ரயிலில் நாராயணனின் கையில் கொடுக்கிறாள். அவள் ஏறவில்லை, மேடையில் நின்றுவிடுகிறாள்.

அந்தக் காலத்திலேயே சட்டம் இருந்ததாமே. பிறகு ஏன் உப்பிடி?

இருந்தது. உடன்கட்டை ஏற்றுவது 1829இல் தடை. ஈசுவர சந்திர வித்யாசாகர் முன்னின்று பாடுபட்டதால் 1856இல் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது. 1929இல் வந்த சட்டம் பெண்ணின் கலியாண வயதைக் குறைந்தது 14 ஆக்கியது. அந்தக் கணக்கில் சுய்யாவின் கலியாணமே சட்டத்துக்குப் பிழை.

படத்தில் சகுந்தலா பூசகரிடம் இதைத்தான் கேட்கிறாள்: சட்டம் வந்திருந்தால் எங்களுக்கு ஏன் தெரியாது? தமக்கு ஆதாயமில்லாத சட்டத்தை மனிதர் கண்டுகொள்வதில்லை என்று அவர் சொல்கிறார். படம் முடிந்தபின் பேசத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

உது வடக்கத்தியாரின்ர பழக்கம். தமிழரிட்ட எப்ப இருந்தது?

எல்லா ஊரிலும், அநேகமாக ஒரு ஆண்குரலில், வருகிற கேள்வி. பதில் புறநானூற்றில் இருக்கிறது. 246ஆம் பாட்டில், பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கப் போகிறாள். தடுக்கிற சான்றோரிடம், கைம்மை நோன்பில் தனக்குக் கிடைக்கப்போவது என்ன என்று அடுக்குகிறாள்: நெய் படாத பிழிந்த சோறு, எள்ளுத் துவையல், புளி விட்டு அவித்த வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக் கல்லின்மேல் படுக்கை. அதைவிடத் தீயும் தாமரைப் பொய்கையும் தனக்கு ஒன்றுதான் என்கிறாள். 250ஆம் பாட்டில் கூந்தல் களைந்து, வளையல் நீக்கி, அல்லியரிசி உண்ணும் மனைவி வருகிறாள்.

248ஆம் பாட்டை வன்னியில் வாசிக்கும்போது விளக்கவுரை தேவையில்லை. சின்ன வெள்ளை ஆம்பல். சிறுவயதில் தழையாடையாக உடுத்தினாள், இப்போது கணவன் இல்லாமல் சாப்பாட்டு நேரமும் தப்பிப்போய் அதன் விதையை அரிசியாக்கி உண்கிறாள். மழை கழிந்த தை மாதத்தில் எந்தக் குளத்துக் கட்டில் நின்றாலும் அந்தப் பூ தெரியும். ஆகவே தலை மழிப்பும் உணவுக் குறைப்பும் எங்கள் பழைய பாட்டுகளிலேயே உண்டு. பின்னாளில் ஈழத்து ஊர்களில் தலை மழிப்பது பொது வழக்காக இருக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமை.

அப்ப எங்கட பக்கம் என்னதான் மிச்சம் கிடக்கு?

செத்தவீட்டில் தாலி கழற்றுவது, பொட்டும் பூவும் போவது, நிறச் சீலை மங்குவது. இவை இடத்துக்கிடம், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கோடு வீட்டின் துடக்கு, அதாவது தீட்டு, கழியும், ஆனால் கணவனை இழந்தவளுக்கு மட்டும் கழியாத துடக்கு ஒன்று ஒட்டிக்கொள்ளும். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர் வாசலில் அவளைக் கண்டால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். கலியாண வீட்டில் தேங்காய் துருவ, பலகாரம் சுட அவள் வேண்டும், ஆரத்தித் தட்டெடுக்க வேண்டாம்.

அதிகம் நோவது பிள்ளையின் காரியத்தில்தான். மகள் சாமத்தியப்பட்டால் பால் அறுகு வைக்க மாமி முறையானவர்களைக் கூப்பிடுவார்கள். பெற்றவள் குசினிப் பக்கம் நிற்பாள். யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள், தானாகவே போய் நிற்பாள். படத்தில் வெள்ளைச் சீலைக்காரி ஒருத்தியின் நிழல்கூட மணப்பெண்ணில் படக்கூடாது என்று விரட்டும் காட்சி வரும்போது மண்டபத்தில் அசைவு எழும், கவனியுங்கள். பின்னால் நின்று படம் போடுகிறவருக்கும் கேட்கும் பெருமூச்சு அது.

என்ர மனுசன் காணாமப் போனவர். செத்ததெண்டு ஆர் சொன்னது? என்னை விதவையெண்டு சொல்லலாமோ?

சொல்லக்கூடாது. 2009இல் போர் முடிந்தபோது படையினரிடம் கையளித்த, பிரிந்த உறவுகளைத் தேடுகிறவர்கள் வன்னியில் நிறையப் பேர். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டம் அவர்களுடையது. பொட்டும் தாலியும் அவர்களுக்கு அலங்காரம் இல்லை, ஆள் இருக்கிறார் என்ற வாக்குமூலம். படம் போடுகிறவர் ஒலிவாங்கியைப் பிடித்து “விதவைச் சகோதரிகளே” என்று தொடங்கினால் பாதிப்பேர் அந்த இடத்திலேயே மனதளவில் எழும்பிப் போய்விடுவார்கள். “அம்மாமார், அக்காமார்” போதும்.

கடதாசி வேலைக்கு ஒரு விசயம். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழிவைத்தது. பலர் அதை எடுக்க மறுத்ததன் காரணம் விளங்கும். 2016இல் அது திருத்தப்பட்டு, மரணம் என்று ஒத்துக்கொள்ளாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம் என்று வந்தது. எதை எடுப்பது என்பது குடும்பத்தின் முடிவு. கூட்டத்தில் அதை விவாதிக்க வேண்டாம்.

படத்தில ஒருத்தர் எல்லாத்துக்கும் காசுதான் காரணம் எண்டுறார். சமயம் இல்லையோ?

நாராயணன் சொல்வது. சாப்பாட்டுக்கு ஒரு வாய் குறைவு, நாலு சீலை மிச்சம், ஒரு கட்டில் மிச்சம், வீட்டில் ஒரு மூலை மிச்சம், அதற்குச் சமயம் என்ற போர்வை. எங்கள் பார்வையில் படத்தின் அச்சாணி அதுதான். கங்கையும் பாட்டும் அழகாக இருப்பதால் பலருக்கு இந்த இடம் தப்பிப்போகிறது, ஆகவே முடிந்தால் அந்தக் காட்சியைத் திரும்பப் போடுங்கள். சமயக் காரணம் சொல்லி ஒரு பெண்ணை ஒதுக்கும் இடத்தில், அவள் ஒதுங்கினால் யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால் விடை பெரும்பாலும் காணியாக இருக்கும்.

மறுமணம் செய்தா காணி போயிடுமாமே, உண்மையோ?

எந்தக் காணி என்பதைப் பொறுத்தது. வன்னியில் குடியேற்றக் காணிகள் பல 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. பெர்மிட்காரர் இறந்தால் மனைவி அதை ஆண்டு அனுபவிக்கலாம். ஆனால் அவள் மறுமணம் செய்தால் காணி பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளருக்கு (அடுத்த உரிமைக்காரருக்கு) போகும் என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருந்தார்கள். பின்னுரித்தில் மகனுக்கு முன்னுரிமை கொடுத்த அட்டவணை 2022இல் திருத்தப்பட்டது. ஆகவே கலியாணப் பதிவுக்கு முன்னர் பெர்மிட்டின் பிரதியோடு பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போய், பின்னுரித்தாளராக யார் பதியப்பட்டிருக்கிறார் என்று கேளுங்கள். பலருக்கு அங்கே தெரியவருவது, ஒருவருமே பதியப்படவில்லை என்பது.

உறுதிக் காணி வேறு. வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர் உயில் எழுதாமல் இறந்தால், கலியாணத்துக்குப் பிறகு அவர் தேடிய தேட்டத்தில் பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகள் முதலான உரித்தாளருக்கு. தாய் தகப்பன் வழி வந்த முதுசம் பிள்ளைகளுக்கு. கிடைத்த பங்கு மறுமணத்தால் பறிபோகாது. “இன்னொருத்தனைக் கட்டினா எல்லாம் போகும்” என்று மாமன் மச்சான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

கணவன் காணாமற்போனதாக மேலே கேட்ட பெண்ணுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. தேசவழமைப்படி மனைவி தன் சீதனக் காணியை விற்க, ஈடு வைக்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். காணாமற்போனவரிடம் கையெழுத்து வாங்குவது எப்படி? மாவட்ட நீதிமன்றில் விண்ணப்பித்து, சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை பெறலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

சின்னப் பிள்ளையளோட பார்க்கலாமோ?

வேண்டாம். வெளிப்படையான காட்சி எதுவும் இல்லை, ஆனால் கடைசி இருபது நிமிடத்தில் சுய்யாவுக்கு நடந்தது என்ன என்று பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும், அல்லது விளங்காமல் பயப்படும். பதினைந்துக்கு மேல் சரி. சின்னவர்களைப் பக்கத்து அறையில் வைத்துப் பார்க்க ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். இல்லையென்றால் தாய்மார் வரமாட்டார்கள், அல்லது பாதியில் எழும்புவார்கள்.

பொதுநோக்கு மண்டபத்தில போட என்னென்ன வேணும்?

60 பேர் வரை என்றால் 3000 லூமன் புரொஜெக்டர், எட்டடி அகல வெள்ளைத் திரை, இரண்டு ஸ்பீக்கர். திரையிலிருந்து புரொஜெக்டர் ஏறத்தாழ பன்னிரண்டடியில் இருக்கும். ஆகவே நடுவில் மேசைக்கு இடம் விட்டுக் கதிரை அடுக்குங்கள். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலடிக்குக் குறையக்கூடாது. குறைந்தால் முன்வரிசைத் தலைகள் எழுத்தை மறைக்கும், இந்தப் படத்தில் எழுத்துப் போனால் படமே போச்சு.

பகலில் யன்னல்களைத் தறப்பாளால் மூடினால் உள்ளே வேகும். மேற்குப் பக்கத்தை மட்டும் முழுதாக மூடி, கிழக்கில் மேல்பாதியைத் திறந்து விடுங்கள். தகரக் கூரை மண்டபத்தில் கார்த்திகை, மார்கழியில் திகதி வைக்கவேண்டாம். மழை கொட்டினால் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. ஜெனரேட்டரில் ஓட்டினால் மின்விசிறிகளை அதே லைனில் போடாதீர்கள், விசிறி தொடங்கும் நொடியில் மின்னழுத்தம் விழுந்து புரொஜெக்டர் நின்றுவிடும். பல்ப் உள்ள புரொஜெக்டர் நின்றால் ஆறும்வரை ஐந்து நிமிடமாவது விட்டுத்தான் திரும்பப் போடலாம்.

பொது இடத்தில் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இலவசக் காட்சிக்கும் பொருந்தும். ஒரு மாதம் முன்னரே எழுதிக் கேளுங்கள்.

தமிழ் எழுத்துப் போட்டா கட்டம் கட்டமா வருது.

வசனக் கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்யவில்லை, அல்லது பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். யுனிகோடுக்கு மாற்றிச் சேமித்தால் சரிவரும். ஒரு வரியில் 35 எழுத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு வரிக்கு மேலும் வேண்டாம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் நீளும், குறையுங்கள்.

வாசிக்கச் சிரமப்படும் அம்மாமார் கூடுதலாக இருந்தால் ஒருவர் ஒலிவாங்கியில் தமிழை வாசிக்கலாம். நடிக்காமல், செய்தி வாசிக்கிற மாதிரி. பாட்டு ஓடும்போது வாசிக்கவே வேண்டாம்.

பின்னேரம் ஆறு மணிக்கு வைச்சா இருட்டா, நல்லா இருக்குந்தானே?

திரைக்கு நல்லது, வருகிறவருக்கு இல்லை. தனியே பிள்ளைகளோடு இருக்கிற பெண் இரவு எட்டரைக்கு வீடு திரும்பினால் அடுத்தநாள் ஊர் கதைக்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானையும் உண்டு. பகல் ஒன்றரைக்குத் தொடங்கினால் மூன்றரைக்குப் படம் முடியும், கதைத்துத் தேத்தண்ணி குடித்து ஐந்துக்குள் புறப்படலாம்.

படம் முடிஞ்சா ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை. என்ன செய்யிறது?

பத்து நிமிடம் சும்மா விடுங்கள். முதலில் தேத்தண்ணி. பிறகு வட்டமாக இருந்து, சின்னக் காட்சி ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். “படத்தில் என்ன செய்தி?” என்று கேட்டால் பள்ளிக்கூடமாகிவிடும். எங்கும் வேலை செய்வது லட்டுக் காட்சி. பல்லில்லாத கிழவி ஒருத்தி சிறுவயதில் தன் கலியாணத்தில் தின்ற லட்டை நினைத்தே வாழ்நாளைக் கழிக்கிறாள். சுய்யா பிச்சையெடுத்த காசில் ஒன்று வாங்கி வந்து அவளுக்கு வைக்கிறாள். கிழவி அதைத் தின்று, அன்றிரவே கண் மூடுகிறாள். “உங்களுக்கு விலக்கின சாப்பாடு எது?” என்று கேட்டால் போதும். பேச்சு தானாக வரும், அநேகமாகச் சிரிப்போடு.

ஆராவது அழத் தொடங்கினா?

அழட்டும். ஒலிவாங்கியை அவரிடம் நீட்டவேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். பக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். கல்யாணி ஆற்றில் இறங்கும் காட்சி சிலருக்குத் தாங்காது, அப்படி ஒரு காட்சி உண்டு என்று தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள். முன்கூட்டியே பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையோ, ஆஸ்பத்திரி உளநலப் பிரிவில் இருந்து ஒருவரையோ வரச் சொல்லலாம்.

கோயில் நிர்வாகம் சமயத்துக்கு எதிரான படமெண்டு மறிச்சா?

முதலில் கோயில் மண்டபத்தைக் கேட்காமல் விடுவது புத்தி. கேட்க வேண்டி வந்தால், நிர்வாகத்தில் இரண்டு பேருக்கு முன்னதாகத் தனியே போட்டுக் காட்டுங்கள். சகுந்தலா கடைசிவரை பக்தைதான். பூசகரின் சொற்பொழிவைத் தண்ணீர் சேந்தியபடி கேட்கிறவள். அவளுடைய மனச்சாட்சிக்கும் நம்பிக்கைக்கும் இடையில்தான் படம் நடக்கிறது. அதைக் கண்டவர்கள் அநேகமாகத் தடுப்பதில்லை. தடுத்தால் சண்டை பிடிக்காமல் இடத்தை மாற்றுங்கள். இயக்குநரே அதைத்தான் செய்தார்.

ஒஸ்கார் கிடைச்சதோ?

இல்லை. கனடாவின் சார்பில் வெளிநாட்டு மொழிப் படப் பிரிவில் கடைசி ஐந்துக்குள் வந்தது. 2007இல் ஒரு ஜெர்மன் படம் வென்றது.

ஆம்பிளையளையும் கூப்பிடலாமோ?

முதல் காட்சிக்கு வேண்டாம், பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டாவது தடவை கட்டாயம் கூப்பிடுங்கள். பேச்சைச் சுய்யா விடுதிக்கு வந்த புதிதில் கேட்கும் கேள்வியிலிருந்து தொடங்கலாம்: பெண்சாதி செத்த ஆம்பிளையளுக்கு வீடு எங்கே? படத்தில் அந்தக் கேள்வி கேட்டவுடனே கிழவிகள் காதைப் பொத்திக் கத்துவார்கள். மண்டபத்தில் ஆண்கள் சிரிப்பார்கள். சிரித்து முடியட்டும், பிறகு ஊரில் மனைவி இறந்து ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் மறுகலியாணம் கட்டியவர்கள் எத்தனை பேர், கணவன் இறந்து கட்டியவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். பெயர் சொல்லவேண்டாம், எண்ணிக்கை மட்டும்.